டேமி டக்வொர்த்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோ புறநகர் ஒன்றில் வாரக் கடைசியில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நவம்பர் வந்தால் பிள்ளைகளுக்கு ஒரு படைவீரரின் கதை சொல்வது வழக்கம். சில வருடங்களாக அது எங்கள் இல்லினாய் மாநில செனட்டர் டேமி டக்வொர்த்தின் கதையாகவே இருக்கிறது. பிள்ளைகள் கேட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். அழைத்துப்போக வரும் பெற்றோரும், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளும்தான் நின்று கேள்வி கேட்பார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன்.

யாருங்க இவங்க? பேரை 'டாமி'ன்னு எழுதணுமா, 'டேமி'யா?

டேமி என்றே எழுதுகிறேன். 'டாமி' என்று எழுதினால் நம் ஊரில் யாருக்கு என்ன நினைப்பு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1968-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா அமெரிக்கர், அவரும் படையில் இருந்தவர். அம்மா சீன வம்சாவளியில் வந்த தாய்லாந்துப் பெண்மணி. அப்பாவின் வேலை காரணமாகத் தென்கிழக்கு ஆசியாவில் பல ஊர்களில் வளர்ந்தார். ராணுவத்தில் ஹெலிகாப்டர் விமானி ஆனார். ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்தார். அதற்கு அப்புறம் மாநில அதிகாரி, மத்திய அரசு அதிகாரி, மக்களவை உறுப்பினர் என்று போய், 2017 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் உறுப்பினராக இருக்கிறார்.

வசதியான வீட்டுப் பொண்ணா?

இல்லை. பதினாறு வயதில் குடும்பம் ஹவாய்க்கு வந்தபோது அப்பாவுக்கு வேலை இல்லை. ஃபுட் ஸ்டாம்ப் எனப்படும் அரசு உணவு உதவியில்தான் வீடு ஓடியது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டே சாலையோரத்தில் பூ விற்றிருக்கிறார். அரசு உதவித்தொகையும் கல்விக்கடனும் வாங்கித்தான் கல்லூரிப் படிப்பு. இதைப் பின்னால் மேடைகளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்னைக்கு என்னதான் நடந்தது?

2004 நவம்பர் 12. பாக்தாதுக்கு வடக்கே பலாத் என்ற இடத்தில் இருந்த தளத்துக்கு அவருடைய பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் திரும்பிக்கொண்டிருந்தது. பகல் முழுக்கப் பல இடங்களுக்குப் பறந்துவிட்டு, தளத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் என்ற நிலை. கீழே இருந்து தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குண்டு ஒன்று வந்து அவர் காலடியிலேயே வெடித்தது. வலது கால் இடுப்புக்குப் பக்கத்திலும், இடது கால் முழங்காலுக்குக் கீழும் போய்விட்டன. வலது கை நார் நாராகக் கிழிந்தது. அது எதுவும் தெரியாமல், ஹெலிகாப்டரை இறக்க வேண்டும் என்று பெடலை மிதிக்கப் பார்த்திருக்கிறார். மிதிக்கக் கால் இல்லை.

உண்மையில் அதை இறக்கியது பக்கத்து இருக்கையில் இருந்த டான் மில்பெர்க். குழுவில் இன்னும் இருவர் இருந்தார்கள், அவர்களுக்கும் காயம். டக்வொர்த் இறந்துவிட்டார் என்றே உடனிருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனாலும் அங்கேயே விட்டுவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் வந்து இறங்கிய இன்னொரு ஹெலிகாப்டருக்குத் தூக்கிப் போனார்கள். உடம்பில் பாதி ரத்தம் போயிருந்த அவர் பிழைத்தது அதனால்தான்.

வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஏறக்குறைய 13 மாதம் சிகிச்சை. ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்த முதல் அமெரிக்கப் பெண் அவர். அந்த நவம்பர் 12-ஐ இன்றும் 'உயிரோடு இருக்கும் நாள்' என்று கொண்டாடுகிறார், தன்னைத் தூக்கி வந்தவர்களோடு. யாராவது தன்னை வீராங்கனை என்று புகழ்ந்தால் பேச்சை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவதும் அவர் வழக்கம்.

அவங்க முழுநேர ராணுவமா? 'நேஷனல் கார்டு'ன்னு போட்டிருக்கே?

நேஷனல் கார்டு என்பது மாநில அளவில் உள்ள பகுதிநேரப் படை. வார நாளில் சாதாரண வேலை, மாதத்தில் ஒரு வாரக்கடைசி பயிற்சி, தேவைப்பட்டால் போருக்கும் அழைப்பு வரும். டக்வொர்த் அப்போது சிகாகோ பக்கத்தில் எவன்ஸ்டனில் இருக்கும் ரோட்டரி சங்கத் தலைமையகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, முனைவர் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தார். நம் ஊர் ரோட்டரி கிளப் தாத்தாக்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

2004-ல் அவர் ஈராக் போகவேண்டிய கட்டாயம் இல்லை. தன் படைப்பிரிவு கிளம்புகிறது என்று தெரிந்து, தானும் வருகிறேன் என்று கேட்டுப் போனவர்.

அந்தக் காலத்துல பொம்பளைங்களைப் போருக்கு விடவே மாட்டாங்களே?

சரியான கேள்வி. அவர் அதிகாரியான 1992-ல் பெரும்பாலான போர்முனை வேலைகள் பெண்களுக்கு மூடித்தான் இருந்தன. போர் விமானங்களில் பெண்கள் பறக்கலாம் என்று பாதுகாப்புத் துறை 1993-ல்தான் அனுமதித்தது. ஆண்களுக்கு உள்ள அதே ஆபத்து தனக்கும் இருக்கிற வேலை வேண்டும் என்று யோசித்துத்தான் ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுத்தார். அவர் பயிற்சி வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண்.

தரைப்படையின் நேரடிப் போர் வேலைகள் மீதான தடையை நீக்க 2013-ல் முடிவானது. எல்லா வேலைகளையும் திறந்துவிடும் அறிவிப்பு 2015 டிசம்பரில் வந்தது. அதாவது, சட்டப்படி பெண்கள் 'போர்முனையில் இல்லாத' காலத்திலேயே இவர் கால்களை இழந்துவிட்டார். ராக்கெட் குண்டு விதிப்புத்தகம் படித்துவிட்டு வருவதில்லையே.

பர்ப்பிள் ஹார்ட்னா நம்ம பரம்வீர் சக்ரா மாதிரியா?

இல்லை. அதிகம் குழம்புவது இங்கேதான். பரம்வீர் சக்ரா வீரச் செயலுக்கு. அமெரிக்காவில் அதற்கு இணை மெடல் ஆஃப் ஆனர். பர்ப்பிள் ஹார்ட் எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவருக்கும் உயிரிழந்தவருக்கும் கொடுப்பது. மேலதிகாரி பார்த்துப் பரிந்துரைக்கும் விருது இல்லை. தகுதி இருந்தால் தானாக வரும் உரிமை. இந்தியாவில் இதற்கு நெருக்கமானது போரில் காயம்பட்டவர்களுக்கான பராக்ரம் பதக்.

அதன் வேர் 1782-ல் ஜார்ஜ் வாஷிங்டன் தொடங்கிய ஒரு விருதுச் சின்னம். 1932-ல், அவருடைய 200-வது பிறந்தநாளன்று, இப்போதைய வடிவில் புத்துயிர் பெற்றது. ஊதா நிற இதயத்தின் நடுவில் வாஷிங்டனின் முகம் இருக்கும். இந்த முகத்தை நினைவில் வையுங்கள், கீழே ஒரு பதிலில் திரும்ப வரும்.

டக்வொர்த்துக்கு 2004 டிசம்பர் 3 அன்று, மருத்துவமனையில் இருக்கும்போதே கொடுத்தார்கள். அதே மாதம் மேஜராகப் பதவி உயர்வும் வந்தது. 2014-ல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றார்.

பர்ப்பிள் ஹார்ட் வாங்கிய முதல் பெண் இவங்கதானா?

இல்லவே இல்லை. முதல் உலகப் போரில் நர்ஸாக இருந்த பியாட்ரிஸ் மேரி மெக்டொனால்ட், 1917-ல் ஒரு குண்டுவீச்சில் வலது கண்ணை இழந்தார். பதக்கம் கிடைத்தது 1936-ல்.

ஆனி ஃபாக்ஸ் கதை இன்னும் விசித்திரம். 1941-ல் பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது ஹிக்கம் விமானத் தள மருத்துவமனையின் தலைமை நர்ஸ். அவருக்குக் காயமே இல்லை, ஆனால் அன்று செய்த வேலைக்காக 1942-ல் பர்ப்பிள் ஹார்ட் கொடுத்தார்கள். அப்போது விதி அதற்கு இடம் கொடுத்தது. பிற்பாடு காயம்பட்டவர்களுக்கு மட்டும் என்று விதி மாறியதும், 1944-ல் அதற்குப் பதிலாக வெண்கல நட்சத்திரம் என்ற வேறு பதக்கம் கொடுத்தார்கள். காயம் படுவதும் சிறப்பாகச் சேவை செய்வதும் வேறு வேறு என்று ராணுவமே பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

அப்ப குண்டடி பட்டதுக்குத்தான் இவ்வளவு மரியாதையா? காயம் படறது ஒரு சாதனையா?

ஒரு தாத்தா இப்படி நேராகவே கேட்டார். நான் கோபித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் இது நியாயமான கேள்வி. பதக்கம் காயத்துக்கு. நான் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளிடம் அவர் கதையைச் சொல்வது காயத்துக்காக இல்லை. வால்டர் ரீடில் அவர் செய்த ஒரு காரியத்துக்காக.

2005 தொடக்கத்தில் இல்லினாய் செனட்டர் டிக் டர்பின், அதிபர் நாடாளுமன்றத்தில் ஆற்றும் ஆண்டு உரையைக் கேட்கக் காயம்பட்ட வீரர்களை விருந்தினராக அழைத்தார். டக்வொர்த்தும் போனார். ஏதாவது தேவை என்றால் கூப்பிடுங்கள் என்று சொன்னார் டர்பின். எல்லோரும் மரியாதைக்குச் சொல்வதுதானே. ஆனால் இவர் உண்மையாகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார், தனக்காக இல்லை, வார்டில் இருந்த மற்றவர்களுக்காக. ஒருவருக்குச் சம்பளம் வரவில்லை, இன்னொருவருக்குச் சிகிச்சையில் சிக்கல் என்று. அந்த ஆண்டே நாடாளுமன்றக் குழு முன்னால் போய், காயம்பட்ட வீரர்களின் சிகிச்சை பற்றிச் சாட்சியம் சொன்னார். இரண்டு கால் போய், கை தையலோடு படுத்திருப்பவர் பக்கத்துக் கட்டில்காரருக்காக போன் போடுகிறார். தாத்தாவிடம் நான் சொன்னது இதைத்தான்.

சமூக சேவைன்னு சொல்றீங்க. அரசியல்தானே பண்ணினாங்க?

அரசியலும் உண்டு. 2006-ல் மக்களவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அந்தத் தோல்விக்கு அப்புறம் கிடைத்த வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: இல்லினாய் மாநில முன்னாள் படைவீரர் நலத்துறையின் இயக்குநர் பதவி. போரிலிருந்து திரும்பியவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு மனம் உடைந்து உட்கார்ந்திருந்தால் கூப்பிட 24 மணி நேரத் தொலைபேசி சேவை வந்தது. முன்னாள் வீரர்களை வேலைக்கு எடுக்கும் முதலாளிகளுக்கு வரிச் சலுகை வந்தது. வீட்டு வசதி, மருத்துவ வசதித் திட்டங்களும் உண்டு. 2009 முதல் 2011 வரை மத்திய அரசின் படைவீரர் நலத்துறையில் துணைச் செயலாளர்களில் ஒருவராக இருந்து, வீடில்லாமல் தெருவில் கிடக்கும் முன்னாள் வீரர்களின் பிரச்சினையையும், பெண் வீரர்கள், பூர்வகுடி வீரர்கள் ஆகியோரின் தனிச் சிக்கல்களையும் கையில் எடுத்தார்.

செனட்டுக்குப் போன பிறகு செய்ததில் எனக்குப் பிடித்தவை இரண்டு, இரண்டுமே விமான நிலையம் பற்றியவை. பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தனி அறை இருக்க வேண்டும் என்பது ஒன்று. விமான நிறுவனங்கள் பயணிகளின் சக்கர நாற்காலிகளில் எத்தனையை உடைத்தன, தொலைத்தன என்று கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. 2018-ல் இரண்டும் சட்டமாகின. கணக்கு வர ஆரம்பித்ததும், 2019-ல் மட்டும் 10,000-க்கும் மேல் என்று தெரிந்தது. கணக்கே கேட்காத வரை யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயம்.

நம்ம ராஜா கிருஷ்ணமூர்த்திக்கும் இவங்களுக்கும் ஏதோ தொடர்பாமே?

உண்டு. 2012-ல் இல்லினாய் 8-வது தொகுதி ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி இவரை எதிர்த்து நின்று தோற்றார். டக்வொர்த் செனட்டுக்குப் போனதும் அதே தொகுதியில் வென்று 2017-ல் மக்களவைக்குப் போனார்.

தாய்லாந்துல பிறந்தவங்க, அமெரிக்கர்னு எப்படிச் சொல்றது?

அப்பா அமெரிக்கர் என்பதால் பிறப்பிலேயே குடியுரிமை. அதைவிட, அப்பா வழி முன்னோர் அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டன் படையில் இருந்தவர்கள். அந்தப் போரில் பங்கெடுத்தவர்களின் பெண் வாரிசுகளுக்கு ஒரு பழைய சங்கம் உண்டு, அதில் இவர் உறுப்பினர்.

2016 செனட் தேர்தல் விவாதத்தில் இதை அவர் சொன்னபோது, எதிர் வேட்பாளர் மார்க் கிர்க், உங்கள் பெற்றோர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சேவை செய்யத் தாய்லாந்திலிருந்து வந்தார்கள் என்பதை மறந்துவிட்டேன் என்று கிண்டலடித்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்டார், தேர்தலிலும் தோற்றார். மேலே சொன்னேனே, பதக்கத்தில் இருக்கும் முகம் யாருடையது என்று. முகத்தைப் பார்த்து 'நீ எந்த ஊர்' என்று கேட்கப்படும் அனுபவம் இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கும் புதிதில்லை. வகுப்பில் இந்த இடம் வந்தால் மட்டும் பேச்சுச் சத்தம் நின்றுவிடும்.

கைக்குழந்தையோட ஓட்டுப் போட்டது இவங்கதானா?

இவரேதான். 2018 ஏப்ரலில், ஐம்பது வயதில், இரண்டாவது மகள் பிறந்தாள். பதவியில் இருக்கும்போது குழந்தை பெற்ற முதல் செனட்டர். அவைக்குள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லாததால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் கொண்டு வரலாம் என்று விதியை மாற்றினார்கள். மறுநாளே பத்து நாள் குழந்தையோடு வந்து வாக்களித்தார்.

ஈராக் போரே தப்புன்னு அவங்களே சொல்றாங்களாமே? அப்புறம் எதுக்கு அந்தப் போர் பதக்கத்துக்குக் கௌரவம்?

படையெடுத்தது தவறான முடிவு என்றுதான் அவர் சொல்லி வருகிறார். அப்படி நினைத்துக்கொண்டே, கட்டாயம் இல்லாத நிலையில், கேட்டுப் போனார் என்பதை மேலே பார்த்தோம். போரை முடிவு செய்வது அரசியல்வாதிகள். தன் ஆட்கள் போகும்போது தானும் போவது தன் கடமை. அவர் கணக்கு அது.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. ஒரு அம்மா, அப்படிப் பிரிக்கவே முடியாது என்று என்னிடம் வாதாடினார், கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவரைக் கௌரவித்தால் அந்தப் போரையும் கௌரவிக்கிறோம் என்று நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அவங்க மேல குறையே கிடையாதா?

இருக்கிறது. மாநில இயக்குநராக இருந்த காலத்து விவகாரம் ஒன்றில், தெற்கு இல்லினாயில் உள்ள முன்னாள் வீரர் இல்லத்தின் ஊழியர்கள் இருவர் தங்களைப் பழிவாங்கியதாக வழக்குப் போட்டார்கள். 2016-ல், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 26,000 டாலருக்குச் சமரசமாக முடிந்தது. எதிர்க்கட்சி இதைத் தேர்தலில் பயன்படுத்தியது. பெரியவர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

எல்லாரும் ஊனம்னு சர்டிஃபிகேட் வாங்கிக்கறாங்க. இதுல யாரைக் கௌரவிக்கிறது?

அவருக்கே இதில் பெரிய கோபம் உண்டு. 2013-ல் மக்களவை விசாரணை ஒன்றில், 'சேவையில் ஊனமுற்ற முன்னாள் வீரர்' என்ற தகுதியைக் காட்டி அரசு ஒப்பந்தம் பெற்ற ஒருவர் வந்து உட்கார்ந்தார். 1984-ல் ராணுவ ஆயத்தப் பள்ளியில் கணுக்கால் பிசகியதுதான் அவர் காயம்; அப்புறம் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்தும் ஆடியிருக்கிறார். அவர் காலுக்கு 30 சதவீத ஊனம். கிட்டத்தட்டப் பிய்ந்துபோய் மறுபடி ஒட்டவைத்த தன் வலது கைக்கு எத்தனை தெரியுமா என்று டக்வொர்த் கேட்டார். 20 சதவீதம்.

மெமோரியல் டேக்கு இவங்களுக்கு வாழ்த்து சொல்லலாமா?

வேண்டாம். மே கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே போரில் இறந்தவர்களுக்கு. உயிரோடு இருக்கும் முன்னாள் வீரர்களுக்கு நவம்பர் 11, வெட்டரன்ஸ் டே. அதற்கு அடுத்த நாள்தான் இவருடைய 'உயிரோடு இருக்கும் நாள்'.

இவங்களுக்குச் சிலை இருக்குன்னு சொல்றாங்களே, உயிரோட இருக்கறவங்களுக்கா?

இல்லினாயின் தெற்கே மவுண்ட் வெர்னன் ஊரில், பெண் படைவீரர்களுக்காக 2011-ல் வைத்தது. நான் மேலே சொன்ன வாரிசுச் சங்கம்தான் வைத்தது. இவர் உருவத்தோடு மோலி பிட்சரின் உருவமும் இருக்கும். 1778 மான்மவுத் போரில் பீரங்கிக்காரர்களுக்குத் தண்ணீர் சுமந்தவர், கணவர் விழுந்ததும் அவர் இடத்தில் நின்று பீரங்கியை இயக்கியவர் என்று கதைகளில் வருபவர்.

எங்க சங்க விழாவுக்குக் காயம்பட்ட முன்னாள் படைவீரர் ஒரு அம்மாவைக் கூப்பிடறோம். எப்படி மரியாதை செய்யறது?

முதலில் மேடைக்குப் படிக்கட்டா, சாய்தளமா என்று பாருங்கள். சிறப்பு விருந்தினரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றியதை ஒரு விழாவில் பார்த்திருக்கிறேன்; தூக்கியவர்களுக்குப் பெருமை, அவருக்கு அவமானம். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதீர்கள். பொன்னாடை நல்ல வழக்கம்தான், ஆனால் செயற்கைக் காலில் நிற்பவர் கழுத்தில் ஆளாளுக்குப் போர்த்தினால் தடுமாறுவார். ஒன்று போதும்.

பதவிப் பெயரை முன்கூட்டிக் கேட்டுச் சரியாகச் சொல்லுங்கள். கூட வந்திருக்கும் கணவரிடம் "சார், எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்காதீர்கள், பெண் வீரர்கள் இதை வாழ்நாள் முழுக்கச் சகித்துக்கொள்கிறார்கள். அறிமுக உரையில் காயத்துக்கு ஒரு வரி போதும், மீதி அவர் செய்த வேலைக்கு. 'பாவம்' என்ற சொல்லை மைக் பக்கமே விடாதீர்கள்.

மிஸ், இல்லாத கால் வலிக்குமா?

பெரியவர்கள் யாரும் கேட்டதில்லை. போன நவம்பரில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். வலிக்கும். நரம்பு துண்டான இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி போய்க்கொண்டே இருக்கும், மூளை கால் இன்னும் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். மேலே சொன்ன அந்த விசாரணையில் டக்வொர்த்தே இதைச் சொன்னார்: என் பாதமும் வலிக்கிறது, முன்பாதம் எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது, குதிகாலில் இப்போதுகூட ஆணி அடிப்பது போல இருக்கிறது என்று. சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்கப் போய்விட்டார்.